குற்றச்செய்தியிலிருந்து வரலாற்றுக்கு: கானி வாக்கரின் ஒலிபரப்பு இதழியல் பணிவாழ்வும் கல்வராயன் மலையடிவார வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பழங்குடி மக்கள் ஊடகங்களில் பெரும்பாலும் குற்றச்செய்தியின் வழியாகவே இடம்பெறுகின்றனர். அக்குற்றச்செய்தியையே வாயிலாகக் கொண்டு, அதன் பின்னே இயங்கிய அரசுக் கொள்கைகளின் வரலாற்றை வெளிக்கொணர்ந்தவர் கனடாவின் கிரீ இனத்தைச் சார்ந்த ஒலிபரப்பு இதழியலாளர் கானி வாக்கர். அவரது பணிவாழ்வைக் கட்டம் கட்டமாக விளக்கி, அதன் வழிப் பெறப்படும் இதழியல் முறையை ஆத்தூரை அடுத்த கல்வராயன், சித்தேரி மலைகளின் மலையாளிப் பழங்குடியினர் பற்றிய செய்தியாக்கத்தோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். பழங்குடி இதழியலாளர் ஒருவரின் வருகையால் செய்தியின் குரல் மாறுவதோடு, செய்தி எழுப்பும் வினாவும் மாறுகிறது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: பழங்குடி இதழியல், ஒலிபரப்பு, வலையொலி, உறைவிடப் பள்ளி, மலையாளிப் பழங்குடி, கல்வராயன் மலை, வாச்சாத்தி.

முன்னுரை

சேலம் மாவட்டம் ஆத்தூர், வசிட்ட நதிக்கரையில் அமைந்த சமவெளி நகரம். வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் எழுந்து நிற்க, அவற்றின் விளைபொருள் இறங்கிவரும் சந்தையாகவும் மலைப்பிள்ளைகள் கல்விக்கு வந்துசேரும் ஊராகவும் அது விளங்குகிறது. மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு இங்குள்ள சேகோ ஆலைகளில் சவ்வரிசியாகிறது. எனினும், மலையிலிருந்து கிழங்கு இறங்குவதைப் போல மலைமக்களின் சொல் இறங்கி வருவதில்லை. கல்வராயன் மலை நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ தலைப்புச் செய்தியாகும் நாள்களை எண்ணிப் பார்த்தால், கள்ளச்சாராயம், செம்மரக் கடத்தல் ஆகிய இரண்டே பெரும்பான்மை நாள்களை எடுத்துக்கொள்ளக் காணலாம்.

மலையாளிகள் தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினருள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுபவர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் 3,57,980 பேர் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்னும் பொருள்தரும் அப்பெயரையே கேரளத்தாரைக் குறிப்பதாகப் புரிந்துகொள்வோர் சமவெளியில் இன்றும் உளர். காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்னும் மரபுக்கதையைத் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் பதிவு செய்தார். அதற்குப் பின்னரும் இம்மக்களைப் பற்றிப் பிறர் எழுதியவை பல. இம்மக்களுள் ஒருவர் தம் மக்களைப் பற்றிய செய்தியைத் தாமே திரட்டி, தாமே ஒலிபரப்பும் நிலை உருவாகுமானால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு விடைகாண உதவும் முழுமையான பணிவாழ்வுச் சான்றாகக் கானி வாக்கரின் வாழ்வு அமைகிறது. நிலத்தால் தொலைவுடையதாயினும், குற்றம், காவல்துறை, பள்ளி, நினைவு என்னும் அதன் கூறுகள் நமக்கு அண்மையானவை.

பள்ளி இதழில் தொடங்கிய பணி

கானி வாக்கர், கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் உள்ள ஒக்கனீஸ் முதற்குடியைச் சார்ந்தவர். 1995 ஏப்ரலில் அம்மாகாணத்தின் தலைநகரான ரெஜைனா அருகே, பமீலா ஜார்ஜ் என்னும் பழங்குடிப் பெண் வெள்ளையின இளைஞர் இருவரால் அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கு கொலைக்குற்றமாக அன்றி, நோக்கமில்லா மரணம் விளைவித்த குற்றமாக முடிந்தது; ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இறந்த பெண்ணின் தொழில் நீதிமன்றத்திலும் செய்தியிலும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. கொன்றவர்களோ விளையாட்டு வீரர்களாகவும் நல்ல குடும்பத்து மாணவர்களாகவும் அறிமுகப்படுத்தப்பட்டனர்.

அப்போது பள்ளி மாணவியாக இருந்த வாக்கர், தம் பள்ளி இதழில் இவ்வழக்கைப் பற்றி எழுதினார். அவரது இதழியல் பணி அங்குத் தொடங்குகிறது. ஒரே நிகழ்வில் இருதரப்பாரையும் செய்தி எவ்வாறு அறிமுகம் செய்கிறது, யாருக்குக் குடும்பமும் எதிர்காலமும் உண்டு, யாருக்கு அவை இல்லை என்னும் நோக்கு அத்தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. பின்னர் அவர் ஆக்கிய அனைத்தும் இந்நோக்கின் விரிவாக்கங்களே எனலாம்.

அரசு ஒலிபரப்பு நிறுவனத்தில்

கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாக்கர் பணியாற்றினார். தொடக்கத்தில் இளையோருக்கான நுகர்வோர் விழிப்புணர்வு நிகழ்ச்சியான 'ஸ்ட்ரீட் சென்ட்ஸ்' தொகுப்பாளர்களுள் ஒருவராக இருந்தார். 2012இல் ஒளிபரப்பான, கனடியரும் பழங்குடியினரும் கொண்ட உறவை ஆராயும் 'எய்த் ஃபயர்' தொடரின் ஆக்கத்தில் பங்கேற்றார். 2013இல் சிபிசி பழங்குடிச் செய்திகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபோது அதன் முதன்மைச் செய்தியாளர்களுள் ஒருவரானார்.

தனிப்பிரிவு தோன்றிய காலம் கருதத்தக்கது. கனடியக் காவல்துறை 2014இல் வெளியிட்ட அறிக்கை, 1980 முதல் 2012 வரை 1,181 பழங்குடிப் பெண்கள் கொல்லப்பட்டோ காணாமற்போயோ இருப்பதாகக் கணக்கிட்டது. அக்காலகட்டத்தில் இவ்வழக்குகள் தனித்தனிச் செய்திகளாகவே வந்து மறைந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஊரின், ஒரு குடும்பத்தின் துயரமாகச் சிலநாள் நின்றது. தீர்வு காணாத வழக்குகளைச் சிபிசி செய்தியாளர் குழுவினர் ஒரே தரவுத்தொகுப்பாக ஒருங்கிணைத்தனர். வாக்கரும் அக்குழுவில் உழைத்தார். தனித்துயரங்களை ஒருங்கே அடுக்கியபோது அவற்றின் பொதுமை புலனாகியது. உண்மையறியும் தேசிய ஆணையம் 2016இல் பணியைத் தொடங்கி, 2019 ஜூனில் 231 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கை அளித்தது.

வலையொலியும் செய்தியின் காலஅளவும்

இரண்டு நிமிடத் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு பெண் காணாமற்போனதைக் கூறலாம். அவள் ஏன் ஊரைவிட்டு நீங்கினாள், அவள் தாய் எப்பள்ளியில் வளர்ந்தாள், அப்பள்ளியை யார் நடத்தினர் என்பனவற்றைக் கூற இடமில்லை. இவ்விடர்ப்பாட்டுக்கு வாக்கர் கண்ட வழி, பாட்காஸ்ட் எனப்படும் வலையொலித் தொடர். பல மணிநேரம் நீளும் அவ்வடிவம், துப்பறியும் கதையின் ஈர்ப்பால் கேட்போரைப் பிடித்துவைத்து, வரலாற்றைக் கேட்கச் செய்தது.

2016இல் வெளிவந்த 'ஆல்பர்ட்டா வில்லியம்ஸைக் கொன்றது யார்?' என்னும் தொடர், 1989இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் வழக்கை மீட்டெடுத்தது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலே இதற்குத் தூண்டுகோல். 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்று மக்கள் அழைக்கும் 16ஆம் எண் நெடுஞ்சாலையின் சூழல் இதில் விரிவாக விளக்கப்பட்டது.

2018இல் வெளிவந்த 'ஃபைண்டிங் கிளியோ' வாக்கரின் முறையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கிளியோ, 1970களில் குழந்தைநலத் துறையால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட கிரீச் சிறுமி. வீடு திரும்பும் வழியில் அவள் கொல்லப்பட்டாள் என்றே உடன்பிறந்தோர் பல்லாண்டு நம்பியிருந்தனர். தேடலின் முடிவில் கொலையாளி எவரும் கிடைக்கவில்லை. அச்சிறுமி 1978இல் நியூ ஜெர்சியில் தன் பதின்மூன்றாம் வயதில் தற்கொலை செய்துகொண்டாள் என்பதே தெரியவந்தது. குற்றக்கதையின் மரபுப்படி இது ஏமாற்றமான முடிவு. ஆயின் 'யார் கொன்றார்?' என்னும் வினா இம்முடிவால் 'எது இவளை இங்குக் கொண்டுவந்தது?' என்று மாறுகிறது. அதற்கு விடையாக ஒரு கொள்கை வெளிப்படுகிறது. 1960களில் தொடங்கிப் பல்லாயிரம் பழங்குடிக் குழந்தைகளைப் பழங்குடியல்லாத குடும்பங்களுக்குப் பெயர்த்த நடைமுறை அது. சஸ்காட்செவன் அரசு 1967இல் தொடங்கிய தத்தளிப்புத் திட்டம் அக்குழந்தைகளைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்தது. குழந்தைகளை இடம்பெயர்க்கத் துணைநின்ற ஊடகத்தினூடாகவே அவர்களைத் தேடும் பணியும் நிகழ்ந்தது என்பது நினைத்தற்குரியது. இத்தொடர் அவ்வாண்டின் தேர்டு கோஸ்ட் ஒலிவிழாவில் சிறந்த தொடர்கதைக்கான விருதைப் பெற்றது.

தந்தையின் கதை

2019இல் வாக்கர் சிபிசியை நீங்கி, ஸ்பாட்டிஃபை நிறுவனத்தைச் சார்ந்த கிம்லெட் மீடியாவில் இணைந்தார். அங்கு அவர் உருவாக்கிய 'ஸ்டோலன்' தொடரின் முதற்பருவம், அமெரிக்காவின் மொன்டானாவில் 2018இல் காணாமற்போன பழங்குடிப் பெண்ணைப் பற்றியது. 2022இல் வெளிவந்த இரண்டாம் பருவமான 'சர்வைவிங் செயின்ட் மைக்கேல்ஸ்' அவரது பணிவாழ்வின் உச்சம்.

2021 மே மாதம், கம்லூப்ஸ் நகரின் முன்னாள் உறைவிடப் பள்ளி வளாகத்தில் அடையாளமற்ற குழந்தைக் கல்லறைகள் இருக்கக்கூடும் என்னும் அறிவிப்பு வெளிவந்தது. அதையொட்டி வாக்கரின் சகோதரர், மறைந்த தம் தந்தை முன்பு கூறிய நிகழ்வு ஒன்றை இணையத்தில் பகிர்ந்தார். தந்தை காவல்துறையில் பணியாற்றிய 1970களின் இறுதியில், இரவு ரோந்தின்போது ஒரு வாகனத்தை நிறுத்துகிறார். ஓட்டிவந்தவர், சிறுவயதில் உறைவிடப் பள்ளியில் தமக்குக் கொடுமை இழைத்த பாதிரியார் என்பதை அடையாளம் காண்கிறார், அவரை அடிக்கிறார். தந்தையைக் கடுமையானவராகவே அறிந்திருந்த மகளுக்கு இச்செய்தி புதிது. பல ஆண்டுகள் பிறர் குடும்பங்களின் மௌனத்தை ஆராய்ந்தவர், தம் வீட்டின் மௌனத்தை ஆராயும் நிலைக்கு வந்தார்.

டக் லேக் ஊரின் செயின்ட் மைக்கேல் உறைவிடப் பள்ளியில் பயின்ற பலரை அவர் நேரில் கண்டு உரையாடினார். அப்பள்ளி குறித்த 200க்கும் மேற்பட்ட பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகளை ஆவணங்களின்வழிக் கண்டறிந்தார். அடித்த பாதிரியார் யார் என்னும் ஒற்றைத் தேடல், ஒரு பள்ளியின் வரலாறாக விரிந்தது. கனடா முழுவதிலும் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் இத்தகைய பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். இழப்பீட்டு விசாரணைகளில் அவர்கள் அளித்த வாக்குமூலங்கள் மறைகாப்புக்கு உட்பட்டவை. தனித்தனியே இசைவளித்தோரின் ஆவணங்கள் நீங்கலாக ஏனையவற்றை அழிக்கவேண்டும் என்று 2017இல் கனடிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குரிய ஆண்டு 2027. ஆவணக்காப்பகம் ஒன்று காலக்கெடுவுடன் மறையும் சூழலில், ஒலிபரப்பாளரின் பதிவு செய்தியாக மட்டுமன்றி ஆவணமாகவும் நிற்கிறது.

இத்தொடர் 2023இல் ஒலி இதழியலுக்கான புலிட்சர் பரிசையும் பீபாடி விருதையும் ஒருசேரப் பெற்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஸ்பாட்டிஃபை நிறுவனம் 'ஸ்டோலன்' தொடரை நிறுத்துவதாக அறிவித்தது. நவஹோ நிலப்பகுதி பற்றிய மூன்றாம் பருவம் 2024இல் வெளிவந்ததோடு அது முடிவுற்றது. மிக உயர்ந்த விருதுகளும் பழங்குடி இதழியலாளருக்கு நிலையான தளத்தை உறுதிசெய்வதில்லை என்பதற்கு இது சான்று.

ஒரு சொல், இரு பொருள்

வாக்கரின் தொடரைத் தமிழில் விளக்கும்போது 'உறைவிடப் பள்ளி' என்னும் சொல்லைப் பயன்படுத்த நேர்கிறது. கல்வராயன் மலையில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. பழங்குடியினர் நலத்துறையின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள், சிதறிய சிற்றூர்களின் குழந்தைகளுக்கு உணவும் இடமும் கல்வியும் தரும் பொருட்டு அமைந்தவை. மலைமக்கள் கேட்டுப் பெற விரும்புபவை; ஆசிரியர் பற்றாக்குறையும் கட்டட நிலையுமே அவற்றைக் குறித்த குறைகள். கனடியப் பள்ளிகளோ தாய்மொழியையும் குடும்ப உறவையும் அறுக்கும் நோக்கத்துடன் நிறுவப்பட்டவை. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை. பழங்குடி அனுபவங்களை ஒப்பிடும் ஆய்வாளர் சொல்லொற்றுமையைப் பொருளொற்றுமையாகக் கொள்ளாது, ஒவ்வொரு நிலத்தின் வரலாற்றையும் தனித்தே அறிதல் வேண்டும். வாக்கரின் முறை ஒப்பிடத்தக்கது. அவர் கண்ட முடிவுகளை அப்படியே இங்குப் பொருத்துதல் ஆகாது.

வாச்சாத்தி: செய்தியாளர் இல்லாத மலை

அம்முறையின் தேவையை உணர்த்தும் நிகழ்வு ஆத்தூருக்கு அண்மையிலேயே உண்டு. கல்வராயன் மலைத்தொடரை ஒட்டிய சித்தேரி மலையின் அடிவாரத்தில், தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் அமைந்த மலையாளிச் சிற்றூர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சார்ந்தோர் அவ்வூரைச் சூழ்ந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்.

அரசின் முதற்பதிவில் இந்நிகழ்வு சந்தனக்கட்டை மீட்பு நடவடிக்கை, ஊர்மக்கள் கடத்தற்காரர். மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் அவர்தம் அரசியல் துணைவரும் ஊருக்குச் சென்று மக்களிடம் கேட்டறிந்த பின்னரே வெளியுலகம் மறுபக்கத்தை அறிந்தது. 1995இல் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கை ஒப்படைத்தது. 269 பேர் குற்றம் சாட்டப்பெற்றனர். 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவருள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

வாச்சாத்தி மக்கள் வென்றது தம் உறுதியாலும் அமைப்பு வலிமையாலும் ஆகும். எனினும், மலையிலிருந்து நிகழ்வை நேரே அறிவிக்கும் செய்தியாளர் ஒருவர் அன்று இருந்திருப்பின், 'கடத்தற்காரர்' என்னும் முதற்சொல் அத்தனை எளிதாக நிலைபெற்றிராது. 2015 ஏப்ரல் 7இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபது பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் முதற்செய்தி செம்மரக் கடத்தல் என்றே அமைந்தது. மலையில் வேளாண்மை வாழ்வுக்குப் போதாமை, இடைத்தரகர் தரும் முன்பணம், கடன் என்னும் தொடர்ச்சி பின்னரே பேசப்பட்டது. கிளியோ தொடரின் வினாமாற்றத்தை இவ்விடத்தில் வைத்துப் பார்த்தல் தகும். 'யார் மரம் வெட்டினார்?' என்னும் வினாவோடு சமவெளிச் செய்தி நிறைவுறுகிறது. 'எது இவரை அக்காட்டுக்குக் கொண்டுசென்றது?' என்பது மலையிலிருந்து எழவேண்டிய வினா.

இந்திய ஒலிபரப்பு அமைப்பின் தடைகள்

அத்தகைய ஒலிபரப்பாளர் இங்கு உருவாவதற்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது சட்டம் சார்ந்தது. 2006ஆம் ஆண்டுக் கொள்கை, தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த வழிதந்தது. ஆயின் அவ்வானொலிகள் தாமே திரட்டிய செய்தியையும் நடப்பு அரசியலையும் ஒலிபரப்ப அனுமதியில்லை. ஆகாசவாணிச் செய்தியை மறு ஒலிபரப்பு மட்டும் செய்யலாம். தனியார் பண்பலைகளுக்கும் இத்தடை உண்டு. ஆகவே, கல்வராயன் மலையில் சமுதாய வானொலி ஒன்று அமைந்தாலும் அது பாட்டும் வேளாண் குறிப்பும் வானிலையும் தரலாம். வாச்சாத்தி போன்றதொரு நிகழ்வைத் தன் செய்தியாகத் தர இயலாது. பழங்குடியினர் ஒலிபரப்பாளராகலாம், ஒலிபரப்பு இதழியலாளராதல் அரிது என்பதே இதன் விளைவு.

இத்தடையை நடு இந்தியாவில் தொலைபேசியின் வழிக் கடந்தது 'சிஜிநெட் ஸ்வரா'. பிபிசியின் முன்னாள் தயாரிப்பாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் தொடங்கிய இவ்வமைப்பில், கோண்டி முதலிய மொழி பேசுவோர் ஓர் எண்ணை அழைத்துத் தம் செய்தியைப் பதிவுசெய்தனர். சரிபார்க்கப்பட்ட செய்தியைப் பிறர் அதே எண்ணில் கேட்டனர். கூலி நிலுவை, குடிநீர், நியாயவிலைப் பொருள் ஆகியவை செய்தியாயின.

இரண்டாம் தடை கருத்து சார்ந்தது. பழங்குடி ஒலிபரப்பு என்றவுடன் தனிமொழி ஒலிபரப்பையே நாம் எண்ணுகிறோம். கோண்டிக்கு இது பொருந்தும். மலையாளிகளோ தமிழ் பேசுவோர். வழக்கில் வேறுபாடுகள் உண்டெனினும் மொழி ஒன்றே. மொழியை அளவுகோலாகக் கொள்ளும் திட்டம் அவர்களைத் தமிழ் நேயருள் அடக்கி, தனித்தேவையற்றவராக விட்டுவிடுகிறது. இவ்வகையில் அவர்களது நிலை, கோண்டி மக்களைவிட வாக்கருக்கே நெருக்கமானது. வாக்கரும் பெரும்பான்மையோரின் மொழியாகிய ஆங்கிலத்திலேயே ஒலிபரப்பினார். அவர் கோரியது அம்மொழியில் தம் மக்களின் வரலாற்றைத் தாமே கூறும் இடம்.

முடிவுரை

கானி வாக்கரின் பணிவாழ்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. பழங்குடி இதழியலாளர் குற்றச்செய்தியை ஒதுக்கவேண்டுவதில்லை; அதன் வினாவை மாற்றினால் அதுவே வரலாற்றுக்கு வாயிலாகும். அவ்வினாவுக்கு விடைகூறப் போதிய காலஅளவு கொண்ட ஒலிவடிவம் தேவை. தனிமனிதரின் திறமையும் விருதும் மட்டும் அப்பணியை நிலைநிறுத்த மாட்டா. பொது நிறுவனத்தின் தாங்குதலும் வேண்டும். கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் அளித்த 94 பரிந்துரைகளுள், இதழியல் கல்வியில் பழங்குடி வரலாற்றைக் கட்டாயமாக்கும் பரிந்துரையும் இடம்பெற்றமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆத்தூர் வட்டாரத்தின் கல்லூரிகளில் கல்வராயன், பச்சைமலை மாணவர்கள் இன்று பயில்கின்றனர். அவர்கள் கையில் உள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. வலையொலிக்கு உரிமம் தேவையில்லாமையால் சமுதாய வானொலிக்குள்ள தடை அதற்கு இல்லை. கல்வராயன் மலையில் ஜாகிர்தார் முறை 1976இல்தான் முடிவுக்கு வந்தது. அன்று இருபது வயதாயிருந்தோர் இன்று எழுபதை எட்டுகின்றனர். அவர்தம் நினைவுகளை, உரியவர் இசைவுடன், அவர்தம் பேரப்பிள்ளைகளே பதிவுசெய்வதற்கு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி அளிப்பது தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் உடனே மேற்கொள்ளக்கூடிய பணி. வாக்கர் தம் தந்தையின் கதையைத் தேடத் தொடங்கியபோது தந்தை மறைந்து எட்டாண்டுகள் கடந்திருந்தன. அவரிடம் கேட்டிருக்கவேண்டிய வினாக்களைப் பிறரிடமே அவர் கேட்க நேர்ந்தது. கல்வராயன் மலையில் அவ்வினாக்களுக்கு விடைகூறுவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.